எடையை உரக்கப் படிக்காதீர்கள்: பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பள்ளிகளின் தலைமையாசிரியர்களுக்கும் வகுப்பாசிரியர்களுக்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள மருத்துவமனையில் உணவியலாளராகப் பணியாற்றுகிறேன். சர்க்கரை நோயாளிகளுக்கும் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று சொல்வது என் வேலை. அண்மைக் காலமாக என் மேசைக்கு எதிரே பள்ளிச் சீருடையோடு வந்து உட்காரும் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். அம்மாவோ பாட்டியோ அழைத்து வருகிறார்கள். சாப்பிடவே மாட்டேன் என்கிறாள், கண்டதையும் தின்கிறான், எதைக் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டவில்லை என்று ஏதாவது ஒரு குறை. பிள்ளையைத் தனியே உட்காரவைத்து, இது எப்போது தொடங்கியது என்று பொறுமையாகக் கேட்டால், பதில் பல நேரம் பள்ளிக்கூடத்தில்தான் போய் நிற்கிறது. ஓர் ஆசிரியர் சொன்ன ஒரு வார்த்தை. வரிசையில் கேட்ட ஒரு சிரிப்பு. சாப்பாட்டு மணியடித்ததும் யாரோ எட்டிப்பார்த்துச் சொன்ன ஒரு கருத்து.

வீட்டிலும் கேலி உண்டு, கைபேசியிலும் உண்டு, கல்யாண வீடுகளில் அத்தைகளும் சித்திகளும் சொல்வதற்குக் கணக்கே இல்லை. அவர்கள் எல்லோரிடமும் என்னால் பேச முடியாது. உங்களிடம் பேச முடியும். அதோடு, ஒரு பிள்ளை அத்தை சொன்னதை மறந்துவிடும். ஆசிரியர் சொன்னதை மறப்பதில்லை. உங்கள் சொல்லுக்கு இருக்கும் அந்த எடையை நம்பித்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

என் கோரிக்கை ஒன்றுதான். பிள்ளையின் உடம்பையும் சாப்பாட்டையும் வகுப்பின் பொதுப்பேச்சாக ஆக்காதீர்கள்.

மருத்துவப் பரிசோதனை நாளிலிருந்து தொடங்குகிறேன். 2013இல் மத்திய அரசு தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழு பள்ளிக்கு வருவது மிக நல்ல ஏற்பாடு. பிறவி இதயக் கோளாறு, பார்வைக் குறைபாடு, இரத்தசோகை என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு முதன்முதலாகத் தெரியவருவது அங்கேதான். ஆனால் எடை பார்க்கும் விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். வராந்தாவில் எடைக் கருவி. ஆண்பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் வரிசையில். ஒருவர் எண்ணைப் பார்த்து உரக்கச் சொல்ல, இன்னொருவர் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார். கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் ஏற்ற வேண்டுமே என்ற அவசரம் உங்களுக்கு. அது எனக்குப் புரிகிறது. எத்தனை பதிவுகளை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனால் "ஐம்பத்தெட்டு" என்று குரல் எழும் நொடியில் வரிசை முழுவதும் திரும்பிப் பார்க்கிறது. "இருபத்தாறு" என்றாலும் திரும்பிப் பார்க்கிறது. அன்று மாலைக்குள் அந்த எண் பட்டப்பெயராகிவிடுகிறது.

ஜூன் மாதத்தில் சீருடைக்கு அளவெடுப்பதும் இதே கதைதான். பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பெண்பிள்ளைகளை வகுப்பின் முன்னால் நிறுத்தி, மார்பளவையும் இடுப்பளவையும் சத்தமாகச் சொல்லி எழுதிக்கொள்ளும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. அந்த வயதில் தோளைக் குறுக்கிக் கூனி நடக்கப் பழகும் பெண்பிள்ளைகளிடம் நிமிர்ந்து நில் என்று அதட்டுவதும் நாம்தான்.

சில தனியார் பள்ளிகள் மதிப்பெண் அட்டையிலேயே பி.எம்.ஐ. எண்ணை, அதாவது உயரத்துக்கு எடை எப்படி இருக்கிறது என்று காட்டும் எண்ணை, அச்சிட்டுத் தருகின்றன. நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த எண்ணைப் பெரியவர்களுக்கான அளவுகோலில் வைத்து "எடை குறைவு", "எடை அதிகம்" என்று எழுதிவிடுகிறார்கள். இது தவறு. பெரியவர்களுக்கு 18.5க்குக் கீழே போனால் எடை குறைவு. ஆனால் 7 வயதுக் குழந்தையின் பி.எம்.ஐ. 15 என்பது முற்றிலும் இயல்பானது. குழந்தைகளுக்கு வயதுக்கும் பாலினத்துக்கும் தனித்தனி வளர்ச்சி வரைபடம் இருக்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 5 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக 2015இல் வெளியிட்ட வரைபடங்களைத்தான் நாங்கள் பயன்படுத்துகிறோம். அதிலும் ஒரே ஒரு புள்ளியை வைத்து முடிவு கட்டுவதில்லை. ஆண்டுதோறும் குறித்துவந்த புள்ளிகள் எந்தப் பக்கம் போகின்றன என்றுதான் பார்ப்போம். பி.எம்.ஐ. என்ற இந்தக் கணக்கை 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிய பெல்ஜியத்துக் கணிதவியலாளர் கெட்லே, மக்கள்தொகையின் சராசரியை அறிவதற்காக அதை வகுத்தாரே ஒழிய, ஒரு தனி ஆளின் உடல்நலத்தை எடைபோட அல்ல. நடைமுறையில் அது எங்களுக்கும் பயன்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அது விசாரணையின் தொடக்கம் மட்டுமே. மூன்றாம் வகுப்புக் குழந்தையின் அட்டையில் தீர்ப்புப் போல அச்சிடத் தக்கது அன்று.

பருவமடையும் காலத்தைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு 10 வயதிலிருந்து 14 வயதுக்குள் சுமார் 15 கிலோ கூடுவது இயற்கை. இடுப்பிலும் தொடையிலும் கொழுப்பு சேர்வதும் அதன் ஒரு பகுதி. அது சேராவிட்டால் மாதவிடாய் ஒழுங்காக வராது. சிலருக்கு முதலில் உடம்பு பூரித்துப் பிறகு உயரம் கூடும், சிலருக்கு உயரம் முந்திக்கொள்ளும். ஒரே ஏழாம் வகுப்பில் குழந்தை உடம்போடு ஒருத்தியும் முழு வளர்ச்சி பெற்ற உடம்போடு இன்னொருத்தியும் பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். இருவருமே ஆரோக்கியமானவர்கள்.

நம் வீடுகளில் இந்தப் பருவத்துக்கென்றே ஒரு சமையல் இருக்கிறது. பெண் வயதுக்கு வந்துவிட்டால் உளுந்தங்களி கிண்டுவார்கள். கருப்பட்டியும் நல்லெண்ணெயும் மினுமினுக்க உருட்டிக் கையில் வைப்பார்கள். நாட்டுக்கோழி முட்டையை உடைத்து ஊற்றுவார்கள். இடுப்பெலும்பு உறுதியாக வேண்டும் என்பது பாட்டிமார்களின் நம்பிக்கை. அந்த உணவில் அன்பும் இருக்கிறது, சத்தும் இருக்கிறது. விடுப்பு முடிந்து அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரும்போது, "என்னம்மா, வீட்டில் நல்ல கவனிப்பா, ஆள் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாயே?" என்று வகுப்பே கேட்கும்படி ஒருவர் சொல்கிறார். சொன்னவர் அரை மணி நேரத்தில் மறந்துவிடுவார். அந்தப் பிள்ளை அன்று இரவு களியைத் தொடுவதில்லை. வீடு ஊட்டுகிறது, வெளியுலகம் பழிக்கிறது. நடுவில் நிற்கும் பிள்ளைக்குச் சோற்றுத் தட்டைப் பார்த்தாலே குற்ற உணர்ச்சி.

ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் மயங்கி விழுந்தாள் என்று அழைத்து வந்தார்கள். இரத்தசோகை இருந்தது. நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. மே மாத வெயிலிலும் முழுக்கை ஸ்வெட்டர். தலைவாரும்போது கொத்துக் கொத்தாக முடி வருகிறது என்றார் அம்மா. பாட்டிக்கோ பேத்தியைப் பற்றிப் பெருமை: செவ்வாய், வெள்ளி, சனி மூன்று நாளும் விரதம் இருக்கிறாளாம், இந்த வயதில் யாருக்கு இந்தப் பக்தி வரும் என்றார். மற்ற நாட்களில் பள்ளிக்குக் கொண்டுபோவது மூன்று இட்லி. மதியத்தில் டிபன் பாக்ஸின் மூடியை முகத்துக்கு நேராகச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு, அதன் மறைவில் பாதி இட்லியைப் பிட்டுச் சாப்பிடுவாள். மீதியைக் கை கழுவும் குழாயடியில் நசுக்கித் தண்ணீரோடு விட்டுவிடுவாள். பாக்ஸ் காலியாகத் திரும்புவதால் அம்மாவுக்குச் சந்தேகமே வரவில்லை.

எப்போது தொடங்கியது என்று கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு ஓர் எண்ணைச் சொன்னாள்: 49.6. ஏழாம் வகுப்பில் வராந்தாவில் நின்றபோது உரக்கப் படிக்கப்பட்ட எடை அது. தசமப் புள்ளியோடு நினைவில் வைத்திருந்தாள். கூடவே ஒரு வாக்கியத்தையும் நினைவில் வைத்திருந்தாள்: "ரேஷன் அரிசி மொத்தமும் உனக்கேதானா?" வரிசை சிரித்தது, கூட நின்ற தோழியும் சிரித்தாள். அன்றைய பதிவேட்டில் அவள் உயரம் 157 செ.மீ. வளர்ச்சி வரைபடத்தில் வைத்துப் பார்த்தேன். இயல்பான எல்லைக்குள்தான் இருந்தாள். வகுப்பில் மற்றவர்களைவிடச் சீக்கிரம் வளர்ந்துவிட்டாள், அவ்வளவுதான்.

அந்த ஆசிரியரைக் கொடியவர் என்று நான் நினைக்கவில்லை. நாற்பது பிள்ளைகளின் எடையை ஒரு பாடவேளைக்குள் எடுத்து முடிக்க வேண்டிய நெருக்கடியில், சூழலைக் கலகலப்பாக்க ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். கேலி நம் ஊரில் பாசத்தின் ஓர் உருவமாகவும் இருக்கிறது. ஆனால் அந்த வார்த்தையில் வறுமையும் இருந்தது, உடம்பும் இருந்தது. இரண்டையும் ஒரே வீச்சில் ஊர் அறியச் சொன்னதாகத்தான் அந்தப் பெண் புரிந்துகொண்டாள்.

இவளுக்கு வந்தது போன்ற உண்ணுதல் கோளாறுகள் பணக்கார நாட்டுப் பெண்களின் நோய் என்ற எண்ணம் மருத்துவர்களிடையேகூட நீண்ட நாள் இருந்தது. அப்படி இல்லை. ஃபிஜித் தீவில் ஹார்வர்டு ஆய்வாளர் ஆன் பெக்கர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. நல்ல வாட்டசாட்டமான உடம்பையே அழகென்று கொண்டாடிய சமூகம் அது. 1995இல் அந்தப் பகுதிக்குத் தொலைக்காட்சி வந்தது. எடையைக் குறைப்பதற்காக வாந்தி எடுப்பதாகச் சொன்ன பள்ளி மாணவி ஒருத்திகூட அப்போது இல்லை. 1998இல் 11.3 சதவீதம் பேர் அப்படிச் செய்வதாகச் சொன்னார்கள். மூன்றே ஆண்டுகள்! நம் பிள்ளைகளின் கையில் இன்றைக்கு இருப்பது அதைவிடப் பல மடங்கு வலிமையான திரை. இங்கே இந்த நோய் வேறு உடை உடுத்தி வரும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். "குண்டாகிவிடுவேன்" என்று நம் பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்லாமல் இருக்கலாம். வயிறு உப்புசமாக இருக்கிறது, பசியே எடுப்பதில்லை, இன்றைக்கு விரதம் என்பார்கள். அதனால்தான் குடல் மருத்துவரிடமும் மந்திரிப்பவரிடமும் மாதக்கணக்கில் அலைந்துவிட்டு எங்களிடம் வருகிறார்கள்.

பட்டினி மனத்தை என்ன செய்யும் என்பதற்கு ஒரு பழைய சான்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக்காலத்தில், 1944-45இல், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 இளைஞர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினார். (பி.எம்.ஐ. என்ற பெயரை 1972இல் கொடுத்தவரும் இவரே.) எல்லோரும் உடலும் மனமும் திடமாக இருக்கிறார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆண்கள். ஆறு மாதம் அவர்களுக்கு வழக்கமான உணவில் ஏறக்குறைய பாதிதான் கொடுக்கப்பட்டது. எடையில் கால்பங்கு போயிற்று. அதைவிட முக்கியமானது, அவர்கள் மனநிலை மாறியது. எந்நேரமும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள். தட்டை நக்கினார்கள். எரிச்சல், சோர்வு, யாரோடும் ஒட்டாத தனிமை. உணவுக் கட்டுப்பாடு முடிந்த பிறகும் சிலரால் சாப்பிடுவதை நிறுத்த முடியவில்லை. நான் சொன்ன மாணவியின் கைபேசியில் இருந்தவை முழுவதும் சமையல் காணொளிகள். தம்பிக்கு விதவிதமாகச் செய்து கொடுப்பாள். தான் ஒரு வாய் வைக்க மாட்டாள். பாடத்தில் கவனம் இல்லை, முகம் கொடுத்துப் பேசுவதில்லை, திமிர் பிடித்துவிட்டது என்று பள்ளியிலிருந்து வீட்டுக்குப் புகார் போயிருந்தது. அது திமிர் இல்லை. பசித்த மூளை அப்படித்தான் நடந்துகொள்ளும்.

ஆகவே இந்த அறிகுறிகளைக் கொஞ்சம் மனத்தில் வைத்திருங்கள். மதிய உணவு வேளையில் ஏதாவது காரணம் சொல்லி நூலகத்திலோ கணினி அறையிலோ ஒதுங்கும் பிள்ளை. சாப்பிட்டு முடித்த கையோடு தினமும் கழிவறைக்கு ஓடும் பிள்ளை. கோடையிலும் குளிர்கிறது என்று சொல்லும், அடிக்கடி மயங்கும், மெலிந்துகொண்டே போகும் பிள்ளை. "அடடா, மெலிந்து அழகாகிவிட்டாயே" என்று அப்போது பாராட்டாதீர்கள். அந்தப் பாராட்டு நோய்க்குக் கிடைக்கும் பரிசு. தனியாக அழைத்துப் பேசுங்கள், பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளில் மனநல மருத்துவர் இருக்கிறார். 2022இல் தொடங்கப்பட்ட டெலிமானஸ் மனநல உதவி எண் 14416இல் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில், எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவை ஒதுக்கும் அனோரெக்சியாவும் ஒன்று என்பதை மறந்துவிடாதீர்கள்.

ஆண்பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். அவர்கள் பேசாமல் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது. "நோஞ்சான்", "ஓமக்குச்சி" என்று அழைக்கப்பட்டவன் பதினொன்றாம் வகுப்பில் ஜிம்முக்குப் போய்ச் சேருகிறான். அங்கே யாரோ கையில் கொடுத்த புரோட்டீன் பவுடரை, அதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரியாமலே, வாங்கிக் குடிக்கிறான். மூட்டை தூக்கிப் பிழைக்கும் தகப்பனிடம் அடம்பிடித்து வாங்கிய டப்பாவை ஒரு பையன் என் மேசைமேல் கொண்டுவந்து வைத்தான். அதன் விலையில் அந்த வீடு முழுவதற்கும் ஒரு மாதம் முட்டையும் பயறும் வாங்கியிருக்கலாம். கபடி அணிக்கு ஆள் எடுக்கும்போது, "காற்றடித்தால் விழுந்துவிடுவாய், போய் ஸ்கோர் எழுது" என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்களாம். அவனுக்குக் கபடி நன்றாக வரும் என்பதை யாரும் பார்க்கவே இல்லை.

உடற்கல்வி ஆசிரியர்களே, உங்களிடம் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். பருத்த பிள்ளைகள் மட்டும் மைதானத்தைக் கூடுதலாக இரண்டு சுற்று ஓட வேண்டும் என்று சொல்லும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஓட்டம் தண்டனையாகிவிட்டால் அந்தப் பிள்ளை வாழ்நாள் முழுவதும் மைதானத்தை வெறுக்கும். கேலி செய்தால் ரோஷம் வந்து மெலிவார்கள் என்று பலர் உண்மையாகவே நம்புகிறார்கள். ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. எடைக்காகக் கேலி செய்யப்பட்ட பிள்ளைகள் ஒளிந்து ஒளிந்து அதிகம் சாப்பிடுகிறார்கள், விளையாட்டிலிருந்து விலகுகிறார்கள், மேலும் பருக்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அமைப்பு 2017இல் இதற்கென்றே கொள்கை அறிக்கை ஒன்றை வெளியிட்டது.

அதே சமயம், உடற்கல்வி ஆசிரியர்கள் எவ்வளவு தூரம் கைகட்டப்பட்டிருக்கிறார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். விளையாட்டுப் பாடவேளை கணக்குப் பாடத்துக்கும் அறிவியலுக்கும் போய்விடுகிறது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் அது கால அட்டவணையில் மட்டுமே இருக்கிறது. காலை ஏழு மணிக்குத் தொடங்கும் சிறப்பு வகுப்பு, மாலை ஆறரை வரை நீளும் தேர்வு, இடையே பசியாற்றப் பள்ளி வாசலில் விற்கும் பொரித்த பாக்கெட்டுகள். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த பண்டங்களைப் பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் விற்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020இல் விதி கொண்டுவந்தது. அந்த 50 மீட்டரை அளந்து பார்த்த பள்ளி எத்தனை? பிள்ளையை உட்காரவைத்து உட்காரவைத்துப் பருக்கச் செய்துவிட்டு, ஆண்டுக்கொரு முறை எடைக் கருவியில் ஏற்றிக் கேலி செய்வது அநியாயம். தலைமையாசிரியர்களே, இது உங்கள் கையில் இருக்கிறது. விளையாட்டுப் பாடவேளையைத் திருப்பிக் கொடுங்கள். பருத்தவன், மெலிந்தவன் என்று பிரிக்காமல் எல்லோரும் வியர்க்க ஆடட்டும்.

உடல் பருமன் உண்மையான பிரச்சினையே இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அதற்கு மருந்தும் உணவும் சொல்லித்தான் எனக்குச் சம்பளம். 2019-21 காலத்தின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேரின் பி.எம்.ஐ. 25ஐ எட்டிவிட்டது, அல்லது தாண்டிவிட்டது; அதாவது எடை அதிகம். ஆண்களில் 37 சதவீதம். அதே ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. இரண்டு எண்களையும் சேர்த்துப் பாருங்கள். பருத்த உடம்புக்குள்ளும் சத்துக்குறைவு இருக்கிறது என்பது புரியும். அரிசியும் எண்ணெயும் மலிவு. பருப்பும் பழமும் கீரையும் அப்படியில்லை. பருத்த பிள்ளை பேராசைக்காரப் பிள்ளை என்ற நினைப்பு எவ்வளவு தவறு என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

இனி சாப்பாட்டுத் தட்டுக்கு வருகிறேன்.

சென்னை மாநகராட்சி, 1920இல், பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்தபோது ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது. காமராசர் 1956இல் மாநிலம் முழுமைக்கும் கொண்டுபோனார். எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார். கலைஞர் ஆட்சியில் முட்டை வந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஒரு நூற்றாண்டாகப் பிள்ளைகளை ஒரே வரிசையில் உட்காரவைத்துச் சோறு போட்ட நிலம் இது. ஆனாலும் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் படிக்கும் பையன், பைக்குள் தட்டு கணகணவென்று சத்தம் போடக் கூடாது என்பதற்காக அதைப் பழைய துண்டில் சுற்றிக் கொண்டுபோகிறான். டிபன் பாக்ஸ் கொண்டுவரும் பிள்ளைகள் வேறு மரத்தடியில் உட்காருகிறார்கள். "சத்துணவு" என்றே அவனுக்குப் பெயர். இரண்டாம் முறை சாம்பார் சாதம் கேட்டால், "இவன் வருவதே சோற்றுக்குத்தான்" என்று பரிமாறும் இடத்தில் ஒரு குரல். சோற்றுக்காக வந்தால் என்ன? அதற்காகத்தானே திட்டம்! ஆசிரியர்கள் வாரத்தில் ஒரு நாளாவது அந்த வரிசையில் தட்டேந்தி உட்கார்ந்து சாப்பிட்டால் இந்தப் பேச்சு பாதியாகக் குறையும். அப்படிச் சாப்பிடும் ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறேன்.

தட்டில் சாதியும் இருக்கிறது. 2018இல் அவிநாசி அருகே, சத்துணவு சமைத்த பெண் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காக ஊரார் சிலர் எதிர்ப்புத் தெரிவிக்க, அதிகாரிகள் அவரையே இடம்மாற்றினார்கள். கண்டனம் எழுந்த பிறகுதான் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. செய்தித்தாளில் வந்ததால் அது தெரிந்தது. டிபன் பாக்ஸைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ளும் பக்கத்துப் பிள்ளையைப் பற்றிச் செய்தி வராது. கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தவளும், மாட்டுக்கறி சாப்பிடும் வீட்டிலிருந்து வருபவனும், தினமும் தயிர்ச்சாதம் கொண்டுவருவதால் அதையே பட்டப்பெயராகச் சுமப்பவனும் தங்கள் வீட்டை மறைக்கப் பழகுகிறார்கள். பன்னிரண்டு வயதில் ஒரு பிள்ளை, "அம்மா, எனக்கு நம் வீட்டுச் சாப்பாடு வேண்டாம், பிரெட் ஜாம் கொடு" என்று சொன்னால், அது ருசி பற்றிய பேச்சாக மட்டும் இருக்க முடியாது.

சில தனியார் பள்ளிகள், சைவ உணவு மட்டுமே கொண்டுவர வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்புகின்றன. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அடிப்படை ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அத்தனை வீடுகளின் அடுப்பையும் ஒரு வரியில் அசுத்தம் ஆக்கிவிடுகிறது அந்தச் சுற்றறிக்கை. இரத்தசோகைக்காக ஈரலும் முட்டையும் கொடுத்தனுப்புங்கள் என்று ஒரு தாயிடம் நான் எழுதிக் கொடுத்த சீட்டு, பள்ளி விதியை மீற முடியாது என்று திரும்பி வந்தது. சைவம் சாப்பிடும் பிள்ளைக்குத் தனியாக ஓரிடம் வேண்டும் என்றால் அதைக் கேட்டுச் செய்து கொடுங்கள். அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது. பிறர் தட்டின்மேல் தடை எதற்கு? கேழ்வரகுக் களியும் கம்பங்கூழும் ஏழை வீட்டு அடையாளம் என்று வெட்கப்பட வைத்தவர்கள், 2023ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் பள்ளியில் சிறுதானியத் திருவிழா நடத்தினார்கள். அன்றைக்கு அதைக் கொண்டுவந்த பிள்ளைக்குப் பாராட்டு. முப்பது ஆண்டுகளாக அதையே கொண்டுவந்து மறைத்துச் சாப்பிட்ட பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

ஆண்டு விழா நடனத்துக்கு ஆள் எடுக்கும் விதத்தையும் மாற்றுங்கள். சிவப்பாகவும் ஒல்லியாகவும் இருப்பவர்கள் முன்வரிசை, கறுப்பாகவும் குண்டாகவும் இருப்பவர்கள் பின்வரிசை, அல்லது மரமாகவும் பாறையாகவும் நிற்கும் வேடம். நகைச்சுவை நாடகம் என்றால் பருத்த பிள்ளையைத்தான் மேடையேற்றுகிறோம். அது விழுந்து எழுந்து மற்றவர்களைச் சிரிக்கவைக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்குத் தாளம் நன்றாகத் தெரிந்திருக்கலாம். ஆடவைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்த மருத்துவப் பரிசோதனை நாளில் செய்ய வேண்டியது மிக எளியது. எடைக் கருவியை ஓர் அறைக்குள் வையுங்கள். கதவருகே ஒரு திரைச்சீலை போதும். பள்ளியில் ஏதாவது ஒரு மேசைவிரிப்பு கட்டாயம் இருக்கும். பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போகட்டும். எண்ணை வாயால் சொல்லாமல், எடுப்பவரே எழுதிக்கொள்ளட்டும். பெண்பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியரே எடுக்கட்டும். கவலைப்படும்படி ஏதாவது தெரிந்தால் பெற்றோரை அழைத்துத் தனியே சொல்லுங்கள். மதிப்பெண் அட்டையில் வேண்டாம், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வேண்டவே வேண்டாம். உடம்பை வைத்துப் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை மாணவர்களிடம் கண்டிப்பதற்கு முன், ஆசிரியர் அறையில் நாம் பிள்ளைகளை எப்படி அடையாளம் சொல்கிறோம் என்று பாருங்கள். "எட்டாம் வகுப்பு பி பிரிவில் அந்தக் குண்டுப் பெண்" என்று சொல்லாமல் அவள் பெயரைச் சொல்லலாம்.

மேலே சொன்ன மாணவி இப்போது பத்தாம் வகுப்பு. மனநல மருத்துவரின் சிகிச்சையில் இருக்கிறாள், என்னிடமும் மாதந்தோறும் வருகிறாள். என் அறையில் எடை பார்க்கும்போது அவள் எண்ணுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நிற்பாள்; நானும் சொல்ல மாட்டேன். இந்த ஆண்டும் அவள் பள்ளிக்கு மருத்துவக் குழு வரும். அந்த நாளில் விடுப்பு எடுத்துக்கொள்ளலாமா என்று போன முறை என்னிடம் கேட்டாள். அவளுடைய தலைமையாசிரியரிடம் நானே நேரில் பேசப் போகிறேன். மற்றப் பள்ளிகளில் இருக்கும் அவளைப் போன்றவர்களுக்காகத்தான் உங்களுக்கு இந்த மடல்.

இப்படிக்கு,
உங்கள் மாணவர்களைச் சந்தித்துவரும் ஓர் உணவியலாளர்